நிலக்கரியின் கந்தகக் கணக்கில் யாரும் அளக்காத எண்

இரண்டு நிலக்கரிகளின் ஆய்வறிக்கைகள் மேசையில் இருக்கின்றன. இரண்டிலும் மொத்தக் கந்தகம் 3.2 சதவீதம். கழுவும் ஆலைக்கு அனுப்பினால் ஒன்றில் கந்தகம் கணிசமாகக் குறைகிறது. மற்றொன்றில் பெயருக்குத்தான் குறைகிறது. மொத்த அளவை மட்டும் பார்த்தவருக்கு இது புதிராக இருக்கும். அறிக்கையின் கீழ்ப்பகுதியில் சல்பேட் கந்தகம், பைரைட் கந்தகம், கரிமக் கந்தகம் என்று மூன்று வரிகள் இருந்தால் விடை அங்கே இருக்கிறது.

அந்த மூன்று வரிகளும் ஒரே எழுத்தில், ஒரே தசம இடங்களோடு அச்சாகியிருக்கும். ஆனால் அவை ஒரே தகுதி உடையவை அல்ல. முதல் எண் நேரடியாக அளக்கப்பட்டது. இரண்டாவது, வேறொரு தனிமத்தை அளந்து கணக்கிடப்பட்டது. மூன்றாவதை யாரும் அளக்கவே இல்லை.

ஒரே தனிமம், மூன்று இருப்பிடங்கள்

நிலக்கரி ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தில் படிந்த தாவரக் குவியல். அந்தச் சதுப்பில் கடல்நீர் புகுந்ததா இல்லையா என்பதே கந்தகத்தின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கடல்நீரில் சல்பேட் ஏராளம். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அந்த வாயுவுக்குச் சேற்றில் இரும்பு கிடைத்தால் இறுதியில் பைரைட் உருவாகிறது. இரும்பு போதவில்லை என்றால், அழுகும் தாவரப் பொருளோடு கந்தகம் நேரடியாகப் பிணைந்துகொள்கிறது.

1. பைரைட் கந்தகம்: ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட இரும்பு டைசல்பைடு. பைரைட், மார்க்கசைட் என இரு படிக வடிவங்களில் கிடைக்கும். ஆய்வகக் கணக்கில் இரண்டும் ஒன்றே.

2. சல்பேட் கந்தகம்: ஜிப்சமும் இரும்பு சல்பேட்டுகளும். புதிதாக வெட்டியெடுத்த நிலக்கரியில் இது பெரும்பாலும் 0.1 சதவீதத்தைத் தாண்டாது. அதிகமாக இருந்தால் அந்தக் கரி காற்றும் ஈரமும் பட்டுக் கிடந்திருக்கிறது என்று பொருள்.

3. கரிமக் கந்தகம்: நிலக்கரியின் கார்பன் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருப்பது. தையோஃபீன் வளையங்கள், தையோல்கள், கரிமச் சல்பைடுகள் எனக் கந்தகம் கார்பனோடு பிணைந்த பல சேர்ம வடிவங்களில் இருக்கும். இதைத் தனித் தாதுவாகப் பிரித்தெடுக்க வழியில்லை, ஏனெனில் இது கரியின் உடலோடு உடலாக இருக்கிறது.

குரோவேஷியாவின் ராஷா நிலக்கரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது இரும்பு அரிதான சுண்ணாம்புப் பாறைப் பின்னணியில் உருவானது. அதில் கரிமக் கந்தகம் மட்டுமே 10 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. அசாம், மேகாலயப் பகுதி நிலக்கரியிலும் கந்தகத்தின் பெரும்பங்கு கரிம வடிவில்தான் இருக்கிறது. கடலின் தாக்கம் குறைவாக இருந்த கோண்டுவானா (பழைய தென்பெருங்கண்டம்) நிலக்கரிகளில் மொத்தக் கந்தகமே பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் மொத்தம்

வடிவங்களைப் பிரிக்கும் முன் மொத்தத்தை அறிய வேண்டும். இதற்கான பழைய முறை எஷ்கா முறை. இரண்டு பங்கு மெக்னீசியம் ஆக்சைடு, ஒரு பங்கு நீரற்ற சோடியம் கார்பனேட் சேர்ந்த கலவைக்கு எஷ்கா கலவை என்று பெயர். 1 கிராம் நிலக்கரித் தூளை 3 கிராம் கலவையோடு மூசையில் (உயர்வெப்பம் தாங்கும் சிறு கிண்ணம்) நன்கு கலந்து, மேலே இன்னொரு கிராம் கலவையைப் போர்வை போலப் பரப்பி, குளிர்ந்த உலையில் வைத்து மெல்லச் சூடாக்கி 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். கரி எரியும்போது வெளிவரும் கந்தக ஆக்சைடுகளைக் கலவையில் உள்ள காரம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இங்கே அவசரம் ஆகாது. வெப்பத்தைச் சட்டென்று ஏற்றினால், எளிதில் ஆவியாகும் கந்தகச் சேர்மங்கள் காரம் பிடிக்கும் முன்பே போர்வையைத் தாண்டிப் பறந்துவிடும். மூசையைக் கிளறிப் பார்த்தால் கருந்துகள் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. இருந்தால் எரிப்பு முடியவில்லை.

எரிந்த சாம்பலை வெந்நீரில் கரைத்து, புரோமின் நீரால் எல்லாக் கந்தகத்தையும் சல்பேட்டாக்கி, வடிகட்டி, லேசாக அமிலமாக்கி, கொதிக்கும் கரைசலில் பேரியம் குளோரைடை விட்டால் பேரியம் சல்பேட் வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். அதை வடித்து, எரித்து, எடை பார்த்து 0.1374 என்ற எண்ணால் பெருக்கினால் கந்தகத்தின் எடை கிடைக்கும்.

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் 1350 டிகிரியில் ஆக்சிஜனில் எரித்து, வரும் கந்தக டையாக்சைடை அகச்சிவப்புக் கதிரால் சில நிமிடங்களில் அளந்துவிடுகின்றன. வேகமானது, நம்பகமானது. எஷ்கா முறை அதைச் சரிபார்க்கும் மூத்தவராக நிற்கிறது.

சல்பேட்: எளிய படி

வடிவங்களைப் பிரிக்கும் வேதிமுறையின் அடித்தளம் 1919இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பாவெல், பார் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு. இன்றைய ஏஎஸ்டிஎம் டி 2492 (அமெரிக்கத் தரமுறை), ஐஎஸ்ஓ 157 (சர்வதேசத் தரமுறை) ஆகியவையும் அதே தர்க்கத்தில்தான் நடக்கின்றன. அந்தத் தர்க்கத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சல்பேட்டுகள் கரையும், பைரைட் கரையாது, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பைரைட் கரையும், கரிமக் கந்தகம் பெருமளவில் கரையாது.

எனவே முதல் படியில், தூளாக்கிய நிலக்கரியை 2 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 3 பங்கு நீரும் சேர்ந்த கரைசலில் அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்க வைக்கிறார்கள். வடிநீரில் சல்பேட்டோடு இரும்பும் வந்திருக்கும். அதை அம்மோனியா விட்டு ஹைட்ராக்சைடாக வீழ்த்தி அகற்றிய பிறகே பேரியம் குளோரைடு சேர்க்க வேண்டும். இல்லையெனில் பேரியம் சல்பேட்டோடு இரும்பும் ஒட்டிக்கொண்டு இறங்கி எடையைக் கெடுக்கும். வடிதாளை எரிக்கும்போதும் கவனம் தேவை. காற்றோட்டம் இல்லாமல் கரிந்தால், தாளின் கார்பனே சல்பேட்டின் ஒரு பகுதியைச் சல்பைடாக ஒடுக்கிவிடும்.

பைரைட்: கந்தகத்தைத் தேடி இரும்பைப் பிடிப்பது

முறையின் சாமர்த்தியமெல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாமல் வடிதாளில் தங்கிய அதே கரியை எடுத்து, 1 பங்கு அடர் நைட்ரிக் அமிலத்துக்கு 7 பங்கு நீர் என்ற கரைசலில் அரை மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரைகிறது. இப்போது கரைசலில் உள்ள கந்தகத்தை அளந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதைச் செய்வதில்லை. காரணங்கள் இரண்டு.

நைட்ரிக் அமிலம் பைரைட்டோடு நிறுத்திக்கொள்ளும் என்ற உத்தரவாதம் இல்லை. கரியின் கரிமப் பகுதியையும் அது கொஞ்சம் அரிக்கும், அதோடு கரிமக் கந்தகமும் சிறிது கரைசலுக்கு வரும். மறுபுறம், பைரைட்டின் கந்தகம் முழுவதும் சல்பேட்டாக மாறும் என்றும் சொல்ல முடியாது. ஒரு பகுதி தனிமக் கந்தகமாகவே நின்றுவிடலாம். ஒரு பிழை கூட்டுகிறது, இன்னொன்று குறைக்கிறது. இரண்டையும் கணிக்க வழியில்லை.

இரும்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. சல்பேட்டாகவோ, கார்பனேட்டாகவோ, ஆக்சைடாகவோ இருந்த இரும்பின் பெரும்பகுதி முதல் படியிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு போய்விட்டது. நைட்ரிக் அமிலக் கரைசலில் இப்போது இருக்கும் இரும்பு ஏறக்குறைய முழுவதும் பைரைட்டிலிருந்து வந்தது. ஓர் இரும்புக்கு இரண்டு கந்தகம் என்ற விகிதம் மாறாதது. ஆகவே இரும்பின் எடையை 1.148 ஆல் பெருக்கினால் பைரைட் கந்தகம். கந்தகத்தைத் தொடாமலேயே கந்தகத்தை எண்ணிவிட்டோம்.

இரும்பை அளக்கும் பழைய வழி தரம்பார்த்தல், அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. கரியின் சிதைவால் வடிநீர் பழுப்பேறியிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அந்த நிறம் போகும். அம்மோனியாவால் இரும்பை வீழ்த்தி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மறுபடி கரைத்து, சூடாக இருக்கும்போதே ஸ்டானஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஃபெரிக் இரும்பின் மஞ்சள் நிறம் மறையும் கணத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கூடுதலாக விட வேண்டும். பிறகு ஆறவைத்து மெர்குரிக் குளோரைடு. பட்டுப்போல் மினுக்கும் மெல்லிய வெண் வீழ்படிவு வந்தால் சரி. சாம்பல் நிறமோ கருமையோ தெரிந்தால் ஸ்டானஸ் குளோரைடு மிகுந்துபோய் உலோகப் பாதரசம் பிரிந்துவிட்டது. அந்தக் குடுவையைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. எல்லாம் சரியாக அமைந்தால் பொட்டாசியம் டைகுரோமேட்டால் தரம்பார்த்து, நிறங்காட்டி ஊதாவாக மாறும் புள்ளியில் அளவைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது அணு உறிஞ்சல் நிறமாலைமானி இந்தச் சடங்குகளை ஒழித்துவிட்டது. கரைசலை நீர்த்து உறிஞ்சவிட்டால் இரும்பின் அளவு திரையில் வருகிறது. பாதரசக் கழிவும் இல்லை. கண்ணால் ஒவ்வொரு படியையும் சோதித்த பழைய முறையின் ஒழுக்கம் போய்விட்டதே என்று வருந்துவோர் உண்டு. பாதரசத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிய காலத்துக்காக ஏங்க வேண்டியதில்லை என்பேன்.

மிச்சமே கரிமக் கந்தகம்

விளக்கத்துக்காக ஒரு கணக்கு.

1. எஷ்கா முறையில் 1 கிராம் கரியிலிருந்து 0.2329 கிராம் பேரியம் சல்பேட் கிடைக்கிறது. 0.1374 ஆல் பெருக்கினால் 0.0320 கிராம். மொத்தக் கந்தகம் 3.20 சதவீதம்.

2. சல்பேட் படியில் 5 கிராம் கரியிலிருந்து 0.0255 கிராம் வீழ்படிவு. சல்பேட் கந்தகம் 0.07 சதவீதம்.

3. நைட்ரிக் அமிலக் கரைசலில் இரும்பு 1.22 சதவீதம். 1.148 ஆல் பெருக்க, பைரைட் கந்தகம் 1.40 சதவீதம்.

4. 3.20இலிருந்து 0.07ஐயும் 1.40ஐயும் கழித்தால் 1.73. இதுதான் கரிமக் கந்தகம் என்று அறிக்கையில் ஏறுகிறது.

நான்காவது எண்ணுக்கு எந்தக் குடுவையும் இல்லை, எந்த வீழ்படிவும் இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் எதற்கென்று தெரியாத தொகையை எல்லாம் 'இதர செலவு' என்ற தலைப்பில் எழுதுவோமே, அதுபோல. அறிக்கையில் 'கரிமம்' என்று எழுதியிருப்பதை 'சல்பேட்டாகவும் பைரைட்டாகவும் பிடிபடாதது' என்று வாசிப்பதே நேர்மையானது.

'பிடிபடாதது' என்ற கூடையில் விழுபவை

1. கரிக்குள் பொதிந்த பைரைட். இதுவே முதன்மையான பிழை. நிலக்கரியில் பைரைட்டின் ஒரு பகுதி, ராஸ்பெரிப் பழம் போன்ற நுண்கொத்துகளாக இருக்கும். கொத்தில் உள்ள ஒவ்வொரு படிகமும் மைக்ரான் அளவுதான். தரமுறைகள் கேட்கும் தூளின் அளவோ கால் மில்லிமீட்டருக்குச் சற்றே உட்பட்டது. அத்தனை பெரிய கரித்துகளுக்குள் நான்கு புறமும் மூடப்பட்ட பைரைட்டை அமிலம் எட்டுவதே இல்லை. மேற்கண்ட கணக்கில் பைரைட்டில் பத்தில் ஒரு பங்கு கரையாமல் நின்றிருந்தால், உண்மையான பைரைட் கந்தகம் 1.56, கரிமக் கந்தகம் 1.57. அறிக்கையோ 1.40, 1.73 என்கிறது. 75 மைக்ரானுக்கும் கீழே அரைத்தால் இந்தப் பிழை குறையும். ஆனால் மிக நுண்ணிய தூளில் அரைக்கும்போதே பைரைட் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கிவிடும்.

2. பிற சல்பைடுகளும் பேரைட்டும். துத்தநாகச் சல்பைடு போன்றவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் சல்பைடாகப் பறந்துவிடும்; பேரியம் சல்பேட் தாதுவான பேரைட் அந்த அமிலத்தில் கரையாது. இரண்டும் மொத்தத்தில் உண்டு, சல்பேட்டிலும் இல்லை, பைரைட்டிலும் இல்லை. எனவே 'கரிமம்' ஆகிவிடுகின்றன. தனிமக் கந்தகத்தின் கதையும் இதுவே.

3. களிமண் தாதுக்களின் இரும்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மசியாமல் நைட்ரிக் அமிலத்தில் சிறிது கரைந்தால், இது எதிர்த்திசையில் பைரைட்டை உயர்த்திக் காட்டும். பெரும்பாலும் சிறிய பிழை.

4. எழுத்தர் பிழை. மொத்தக் கந்தகம் காற்றில் உலர்ந்த (சிறிது ஈரம் மிஞ்சிய) கரியின் அடிப்படையில், பைரைட் ஈரமே இல்லாத முழு உலர் அடிப்படையில் என்று இரண்டு தாள்களிலிருந்து எண்களை எடுத்துக் கழித்தால் விடைக்குப் பொருளே இல்லை. வேதியியலுக்குச் சம்பந்தமில்லாதது என்பதாலேயே இது தப்பிவிடுகிறது.

இவற்றோடு சாதாரண அளவீட்டுச் சிதறலும் சேர்கிறது. மொத்தத்தில் 0.05, பைரைட்டில் 0.06, சல்பேட்டில் 0.01 என்று சிதறல் இருப்பதாக வைத்துக்கொண்டால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கும்போது கரிமக் கந்தகத்தின் சிதறல் ஏறக்குறைய 0.08 ஆகும். மூன்று அளவீடுகளின் தடுமாற்றத்தையும் ஒரே எண் சுமக்கிறது. பைரைட் மிகுந்து, கரிமக் கந்தகம் சொற்பமாக உள்ள மாதிரியில் கழித்தல் எதிர்மறை எண்ணில் முடியவும் கூடும். அப்போதாவது பிழை கண்ணில் படுகிறது.

மாதிரி காத்திருப்பதில்லை

பைரைட் மீது ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உருவாகின்றன. சுரங்கங்களிலிருந்து செந்நிற அமில நீர் வெளியேறுவதற்கும், ஆய்வகப் பையில் கிடக்கும் மாதிரி மாறிப்போவதற்கும் காரணம் இதே வினைதான். சில மாதங்கள் கழித்துச் சோதித்தால் மொத்தக் கந்தகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பைரைட் இறங்கியிருக்கும், சல்பேட் ஏறியிருக்கும். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் முரண்படும்போது முறையைக் குறைசொல்லும் முன், யார் எப்போது பையைத் திறந்தார்கள் என்று கேட்பது நல்லது.

நேரடியாக அளக்க முடியாதா?

முடியும், ஆனால் அன்றாடச் சோதனையாக அல்ல. குரோமஸ் குளோரைடு கொண்டு பைரைட்டை ஒடுக்கினால் அதன் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளிவரும். அதைப் பிடித்து அளக்கலாம். இங்கே அளக்கப்படுவது இரும்பு அல்ல, கந்தகமே. இரும்பு அணுக்கரு காமா கதிரை உறிஞ்சுவதைப் பார்க்கும் மோஸ்பௌர் நிறமாலை, கரிக்குள் புதைந்த பைரைட்டின் இரும்பையும் விட்டுவைக்காமல் காட்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ், பைரைட் இல்லாத ஒரு புள்ளியைத் தேர்ந்து, அங்கே எழும் எக்ஸ் கதிரைக் கொண்டு கரிமக் கந்தகத்தை நேரடியாகவே அளக்கலாம். சிக்கல் என்னவென்றால், ஒரு புள்ளியின் செய்தி ஒரு வண்டிக் கரிக்குப் பொருந்துமா என்பது.

சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியில் கிடைக்கும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் முறை இன்னும் ஆழமாகப் போகிறது. கந்தக அணு எக்ஸ் கதிரை உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல் அதன் ஆக்சிஜனேற்ற நிலையைப் பொறுத்து நகரும். பைரைட்டுக்கும் சல்பேட்டுக்கும் இடையே இந்த நகர்வு ஏறக்குறைய 10 எலக்ட்ரான் வோல்ட். தையோஃபீனையும் கரிமச் சல்பைடையும்கூட ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். அமிலமுறை ஒரே கூடையாகக் கட்டிவைத்ததை இது அவிழ்த்துக் காட்டுகிறது.

இந்த எண்ணை நம்பி என்ன நடக்கிறது

பைரைட்டின் அடர்த்தி 5ஐ ஒட்டியது, நிலக்கரியின் அடர்த்தி 1.3 அளவு. அதனால் நீரிலும் கன ஊடகத்திலும் (நீரைவிட அடர்த்தியான திரவம்) கழுவினால் பெரிய பைரைட் துகள்கள் அடியில் தங்கிப் பிரிந்துவிடும். கரிமக் கந்தகம் எவ்வளவு கழுவினாலும் போகாது. நம் எடுத்துக்காட்டுக் கரியில் பைரைட்டின் பாதியை நீக்கினால் 3.20 என்பது 2.50க்கு இறங்கும். பைரைட் முழுவதையும் நீக்கும் அற்புதம் நடந்தாலும், ஒரு டன் கரியை எரிக்கும்போது 1.73 சதவீதக் கரிமக் கந்தகம் மட்டுமே சுமார் 35 கிலோ கந்தக டையாக்சைடைத் தரும். கழுவும் ஆலை போதுமா, புகைபோக்கியில் கந்தக நீக்கி வேண்டுமா என்ற முடிவு இந்தப் பிரிவினையைப் பொறுத்தது. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அமிலம் எட்டாத நுண்பைரைட்டைக் கழுவும் தொட்டியும் எட்டாது. எனவே இந்த ஒரு பயன்பாட்டில், ஆய்வகத்தின் பிழை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

கெடுப்பது வேறிடத்தில். வேதிப்பொருளாலோ நுண்ணுயிராலோ கரிமக் கந்தகத்தில் இத்தனை சதவீதத்தை நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்புகள் அவ்வப்போது வரும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கரிமக் கந்தகத்தைக் கழித்தல் முறையில்தான் கண்டிருப்பார்கள். அமிலத்துக்குத் தப்பி 'கரிமம்' என்ற பெயரில் ஒளிந்திருந்த நுண்பைரைட்டை, நாள்கணக்கில் ஊறவைக்கும் சிகிச்சை கரைத்திருந்தால் போதும். கரிமக் கந்தகத்தில் ஓர் அணுகூட அசையாமலேயே அந்த வரி இறங்கிவிடும். அப்படிப்பட்ட அறிவிப்பைப் பார்த்தால் முதலில் தேட வேண்டியது, கரிமக் கந்தகத்தை நேரடியாக அளந்த ஓர் எண்ணாவது அதில் இருக்கிறதா என்பதைத்தான்.